டேப்லட் நம் கையில், சாவி யார் கையில்?

"பாஸ்வேர்டை மறந்துட்டியா? அதைக்கூட ஞாபகம் வச்சிக்க மாட்டியா?"

பூட்டிக்கொண்ட டேப்லட்டோடு போகும் நம் பிள்ளைகள் முதலில் வாங்குவது இந்த வசவைத்தான். திண்டுக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள மொபைல் கடைகளில் கேட்கிறார்கள், கல்லூரியில் கேட்கிறார்கள், சில நேரம் வீட்டிலேயே கேட்கிறார்கள். ஓசியில் வந்த பொருள், அருமை தெரியவில்லை என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து வரும். பிள்ளை தலையைக் குனிந்துகொள்ளும்.

இந்தக் குற்றச்சாட்டை நாங்கள் ஏற்கவில்லை. வேடசந்தூர், நிலக்கோட்டை, சாணார்பட்டி பக்கத்துக் காலனிகளில் மாலை நேர வகுப்பு எடுக்கும்போது, இப்படிப் பூட்டிக் கிடக்கும் கருவிகளைப் பலமுறை பார்த்திருக்கிறோம். ஒவ்வொன்றாக விசாரித்தால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. அந்தக் கணக்கை அந்தப் பிள்ளை தொடங்கவே இல்லை. தெரியாத ஒன்றை எப்படி மறக்க முடியும்?

கணக்கைத் தொடங்கியது யார்?

நம் வீடுகளுக்கு டேப்லட் பல வழிகளில் வந்திருக்கிறது. கொரோனா காலத்தில் யாரோ நன்கொடையாகக் கொடுத்தது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது, தவணையில் வாங்கியது. எந்த வழியில் வந்தாலும் முதல்முறை இயக்கும்போது கூகுள் கணக்கு கேட்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் இருப்பவர் ஒரு கணக்கைப் போட்டுவிடுகிறார். கடைக்காரருக்கு அவசரம், தன் கைக்கு வந்த ஒரு பெயரில் ஜிமெயில் உருவாக்கிக் கொடுத்துவிடுவார். ஒரே ஜிமெயிலைப் பல கருவிகளில் போட்டு அனுப்புவதும் உண்டு. நன்கொடையாக வந்ததென்றால், கொடுக்க வந்த தன்னார்வலரின் கணக்கு இருக்கும். அவர் இன்று எந்த ஊரில் இருக்கிறாரோ!

பிள்ளையின் பெயரிலேயே கணக்கு இருந்தாலும் அதில் கொடுத்த எண் அப்பாவுடையதாக இருக்கும். வேலையில்லாத மாதங்களில் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட அந்த சிம் ரத்தாகி, எண் வேறு ஒருவருக்குப் போயிருக்கும். நமக்கு வர வேண்டிய ஓடிபி முகம் தெரியாத ஒருவரின் போனுக்குப் போகிறது. இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து கூகுள் நீக்கி வருகிறது. பழுது பார்க்கக் காசில்லாமல் பரணில் வைத்த டேப்லட்டை மறுபடி எடுக்கும்போது அதன் கணக்கே இல்லாமல் போயிருக்கலாம்.

2021 ஆகஸ்டில் ழான் த்ரெஸ் உள்ளிட்டோர் 15 மாநிலங்கள், யூனியன் பிரதேசங்களில் ஏறக்குறைய 1,400 எளிய குடும்பங்களில் ஓர் ஆய்வு நடத்தினார்கள். கிராமப்புற தலித், பழங்குடிப் பிள்ளைகளில் ஆன்லைனில் ஒழுங்காகப் படித்தவர்கள் 4 விழுக்காடு மட்டுமே. மற்ற கிராமப்புறப் பிள்ளைகளில் அது 15 விழுக்காடு. அந்த அறிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'லாக்ட் அவுட்'. வெளியே நிறுத்திக் கதவைப் பூட்டுவது என்று பொருள். போன் இல்லாதது ஒரு பூட்டு என்றால், போனும் டேப்லட்டும் வந்த பிறகு அதன் கணக்கு நம்மிடம் இல்லாதது இரண்டாவது பூட்டு.

பூட்டு எப்படி வேலை செய்கிறது?

2015இல் வந்த ஆண்ட்ராய்டு 5.1 பதிப்பிலிருந்து இந்தப் பாதுகாப்பு இருக்கிறது. திரைப் பூட்டைத் திறக்காமல், பவர் பட்டனையும் வால்யூம் பட்டனையும் சேர்த்து அழுத்தி உள்ளே போய் எல்லாவற்றையும் அழித்தாலும், மறுபடி இயங்கும்போது கருவியில் முன்பு இருந்த அதே கூகுள் கணக்கைக் கேட்கும். புதுக் கணக்கு போட்டால் ஏற்காது. ஆப்பிள் கருவிகளில் 2013 முதல் இதேபோன்ற பூட்டு உண்டு. திருடியவனுக்குப் பொருள் பயன்படக் கூடாது என்பதற்காக வைத்தது. அந்த நோக்கத்தில் நமக்குச் சண்டை இல்லை. நம் பிள்ளையின் டேப்லட் திருடு போனாலும் இதே பூட்டுதான் அதைக் காக்கும்.

ஆகவே பதற்றத்தில் முதலில் ரீசெட் செய்யாதீர்கள். உள்ளே இருக்கும் பாடக் குறிப்பும் படங்களும் போய்விடும், பூட்டும் அப்படியே நிற்கும். இந்த வரிசையில் போங்கள்.

முதலில் எந்தக் கணக்கு என்று கண்டுபிடியுங்கள். வீட்டிலுள்ள மற்ற போன்களில் அதே ஜிமெயில் இருக்கிறதா என்று அமைப்புகளில் பாருங்கள். கல்லூரிச் சேர்க்கை விண்ணப்பம், உதவித்தொகை விண்ணப்பம், டிஎன்பிஎஸ்சி பதிவு ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளை எடுத்துப் பாருங்கள். மின்னஞ்சல் என்ற கட்டத்தில் நாம் தேடும் கணக்கு இருக்கக்கூடும்.

அடுத்து, கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். முன்பு அந்தக் கணக்கைப் பயன்படுத்திய போனிலிருந்தும், வழக்கமாகப் பயன்படுத்திய இடத்திலிருந்தும் முயன்றால் வாய்ப்பு அதிகம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து பத்து முறை தட்டுவதால் பயனில்லை. பாஸ்வேர்டை மாற்ற முடிந்துவிட்டால், கருவியை ரீசெட் செய்ய 24 மணி நேரம் பொறுங்கள். கூகுளே அப்படித்தான் சொல்கிறது. மெமரி கார்டு இருந்தால் முதலில் கழற்றி வையுங்கள். பிறகு ரீசெட் செய்து அதே கணக்கில் நுழையுங்கள். பல கருவிகளில் பழைய பின் எண்ணோ பேட்டர்னோ நினைவிருந்தால் அதையும் ஏற்கும்.

கணக்கு கிடைக்கவே இல்லையென்றால், மிச்சமிருக்கும் நேரான வழி கம்பெனியின் சர்வீஸ் சென்டர். வாங்கிய பில்லும் அடையாள அட்டையும் கேட்பார்கள். பூட்டை உடைத்துத் தருகிறோம் என்று யூடியூபில் வரும் மென்பொருள்களை நம்பி இறக்காதீர்கள். அவற்றில் பல, போனிலும் கணினியிலும் இருப்பதைத் திருடும் நிரல்களைச் சுமந்து வருபவை.

பில் எங்கே?

இங்கேதான் நம் பிரச்சினை தொடங்குகிறது. பொருள் உன்னுடையது என்றால் பில்லைக் காட்டு என்கிறார்கள். நன்கொடையாக வந்ததற்கு நம் பெயரில் பில் இல்லை. செகண்ட் ஹேண்டில் வாங்கியதற்குத் துண்டுச் சீட்டும் இல்லை. காலனிப் பையன் ஒருவன் பூட்டிய டேப்லட்டோடு, பில் இல்லாமல் நின்றால், "எங்கடா எடுத்த?" என்ற கேள்வி எவ்வளவு சீக்கிரம் வரும் என்று நமக்குத் தெரியும். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் சர்வீஸ் சென்டர் வாசலை மிதிப்பதில்லை. கருவி மூலையில் கிடக்கிறது.

கொடுப்பார்கள், ஆனால் ஆவணம் நம் கையில் இருக்காது என்பது நம் மக்களுக்குப் பழைய அனுபவம். செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க ஆங்கிலேய அரசு உத்தரவிட்டது. மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் போட்டது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த நிலங்கள் எப்படிக் கைமாறிப் போயின என்பது நமக்குத் தெரியும். இன்று மீட்கப் போனால் முதலில் கேட்பது, "ஆவணம் எங்கே?" என்றுதான். டேப்லட்டும் நிலமும் ஒன்றென்று சொல்லவில்லை. ஆனால் பொருளைக் கொடுத்துவிட்டு உரிமையைக் கொடுக்காமல் விடும் பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான்.

டேப்லட்டோடு நின்றுவிடாது

ஒரு ஜிமெயில் போனால் போகட்டும், வேறு தொடங்கிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஜிமெயிலிலும் அந்த எண்ணிலும் என்னவெல்லாம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் 60 விழுக்காடு மத்திய அரசின் பங்கு. 2021-22 முதல் அது ஆதாரோடு இணைந்த மாணவரின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக வருகிறது. விண்ணப்பிக்கவும் நிலையைப் பார்க்கவும் ஓடிபி வேண்டும். ஓடிபி யாருக்குப் போகிறதோ அவர் கையில்தான் அந்தப் பிள்ளையின் கட்டணம். டிஎன்பிஎஸ்சி பதிவும் டிஜிலாக்கரில் இருக்கும் சான்றிதழும் இதே கதைதான்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் இறுக்கம். வீட்டில் ஒரே போன், அது அண்ணன் கையில். கணக்கு அவன் பெயரில், எண் அவனுடையது. வேடசந்தூர் வட்டார நூற்பாலை விடுதிகளுக்குப் போன நம் சகோதரிகளின் நிலை வேறு. சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அடைபட்ட பெண்களுக்குச் சொந்தமாகப் போன் வைத்துக்கொள்ளவே அனுமதி மறுத்த ஆலைகளைப் பற்றி ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். படிப்பை மறுபடி தொடரலாம் என்று அவள் திரும்பி வரும்போது, பழைய எண் இருக்காது, கணக்கும் இருக்காது.

ரீசெட் செய்தாலும் போகாத இன்னொரு பூட்டும் இருக்கிறது. கொடுத்த நிறுவனமோ அரசோ தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் மென்பொருள் அது. ஹரியானா அரசு 2022 மே மாதத்தில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு லட்சக்கணக்கில் டேப்லட் கொடுக்கத் தொடங்கியபோது அதைப் போட்டுத்தான் கொடுத்தது. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுக்கவும் சொன்னது. அங்கே அது இரவல் என்று முதலிலேயே தெரியும். நமக்குக் கொடுப்பது சொந்தமா, இரவலா? வாங்கும்போதே கேட்க வேண்டும்.

நாம் கேட்க வேண்டியது

2025 மார்ச் 14 அன்று தாக்கலான தமிழ்நாடு நிதிநிலை அறிக்கையில், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்ற அறிவிப்பு வந்தது. வரவேற்கிறோம். 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனை முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கியது என்பது நம் தெருக்களுக்கே தெரியும். இலவசம் என்று இளக்காரம் பேசுபவர்களோடு நாம் சேர மாட்டோம். ஆனால் பூட்டுக்குப் பெயர்போன ஊர்க்காரர்களாக ஒன்று சொல்லலாம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டை விற்பவர், சாவியையும் சேர்த்துத்தான் கொடுக்கிறார்.

அரசோ அமைப்போ, கருவி கொடுப்பவர்களிடம் நாம் கேட்பது நான்கு. கருவியின் வரிசை எண்ணோடு மாணவரின் பெயரில் ஓர் உரிமைச் சான்று. மாணவர் தன் கையால் கணக்கைத் தொடங்க அரை மணி நேரமும் அதற்கு உதவ ஓர் ஆளும். படிப்பு முடிந்ததும் தொலைக் கட்டுப்பாட்டை நீக்குவதாக எழுத்துப்பூர்வ உறுதி. பூட்டிக்கொண்டால் போய் நிற்க, ஒன்றியத்துக்கு ஓர் உதவி மையம்.

எழுத்தில் கேட்போம். இதே திண்டுக்கல் மாவட்டத்தில், ஆடை ஆலையில் வேலை செய்த தலித் பெண் ஒருவர் 2021 ஜனவரியில் கொல்லப்பட்ட பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் தொழிலாளர் சங்கம் வாய்மொழி வாக்குறுதியோடு வீடு திரும்பவில்லை. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் அறிந்த ஆவணத்தில் கையெழுத்து வாங்கியது. அதிலிருந்து நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

அது வரும்வரை நம் வேலையை நாமே செய்வோம். உங்கள் தெருப் படிப்பகத்தில் ஒரு ஞாயிறு காலையை இதற்கு ஒதுக்குங்கள். ஒவ்வொரு மாணவரும் தன் கணக்கைத் தானே திறக்கட்டும். மீட்பு எண்ணாக அம்மாவுடையதோ, நிலையாக இருக்கும் உறவினருடையதோ இருக்கட்டும். மீட்பு மின்னஞ்சலும் ஒன்று சேர்க்கட்டும். விவரங்களை ஒரு நோட்டில் எழுதி, ரேஷன் கார்டும் சாதிச் சான்றிதழும் இருக்கும் பெட்டியிலேயே வைக்கட்டும். செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்கள், விற்பவரே கண்ணெதிரில் தன் கணக்கை நீக்கி ரீசெட் செய்த பிறகே பணம் கொடுக்கட்டும். சிம் போடும் கருவி என்றால், கேஒய்எம் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடைவெளி விட்டு 15 இலக்க ஐஎம்இஐ எண்ணைப் போட்டு 14422க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது முடக்கப்பட்ட கருவியா என்று தெரிந்துவிடும். கையால் எழுதியதானாலும் ஒரு ரசீது வாங்குங்கள். விற்றவர் கையெழுத்து அதில் இருக்கட்டும்.

கணினி படிக்கும் தோழர்களே, இந்த வேலைக்கு நீங்கள்தான் முதலில் வர வேண்டும். ஒரு விஷயம் மட்டும் நினைவிருக்கட்டும். பிள்ளையின் கையிலிருந்து கருவியை வாங்கி நீங்களே தட்டிக் கொடுத்துவிடாதீர்கள். கடைக்காரர் செய்ததும் அதைத்தான். நேரமானாலும் பரவாயில்லை, அவர்களே தட்டட்டும். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.