'நெட் வரவில்லை' என்னும் வாக்கியம்

'நெட் வரவில்லை' என்ற புலம்பல் கேட்காத வீடு இன்று அரிது. ஆனால் அந்த வாக்கியம் எதையுமே சொல்வதில்லை. எங்கே வரவில்லை, எதுவரை வந்து நின்றது, எப்போதிருந்து என்ற மூன்றையும் அது விழுங்கிவிடுகிறது. ஒரு கவிதையில் ஒற்றெழுத்து பிசகினால் பக்கம் பக்கமாக விவாதிக்கும் நாம், வீட்டுக் கணினியின் முன் அமர்ந்ததும் இவ்வளவு மங்கலான சொற்களோடு நிறைவடைந்துவிடுவது ஏன்?

அண்மையில் நடந்தது இது. நம் நண்பர் ஒருவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வெளிநாட்டில் வாழும் மகளோடும் பேரனோடும் ஞாயிறுதோறும் மடிக்கணினியில் முகம் பார்த்துப் பேசுவார். அடுத்தடுத்து இரண்டு ஞாயிறுகள் அது நடக்கவில்லை. இணைப்பு தரும் நிறுவனத்திலிருந்து வந்தவர் பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, 'ரவுட்டர் போய்விட்டது, புதிது வாங்குங்கள்' என்று சொல்லிப் போய்விட்டார். ஓய்வூதியத்தில் வாழ்பவருக்கு அது சிறு செலவு அன்று. அதைவிட, 'எனக்கு இதெல்லாம் எங்கேப்பா புரியப்போகிறது' என்று அவர் தாழ்ந்த குரலில் சொன்னதுதான் எங்களை உறுத்தியது. பல்லாண்டுகள் யாப்பிலக்கணம் கற்பித்தவர் அவர்.

நாங்கள் இருவர் போனோம். ரவுட்டரையும் மடிக்கணினியையும் முதலில் கேபிளால் இணைத்தோம். இணையம் தடையின்றி வந்தது. ஆக, தெருவிலிருந்து வரும் கம்பியிலும் குற்றமில்லை, பெட்டியும் சாகவில்லை. கேபிளைக் கழற்றிவிட்டு, பெட்டியின் அருகிலேயே அமர்ந்து வைஃபையில் பார்த்தோம், வந்தது. அவர் வழக்கமாக அமரும் உள்ளறைக்குப் போனோம். படம் உறைந்து நின்றது. அப்படியானால் குற்றம் இடைவெளியில்தான். 'இரண்டு வாரத்துக்கு முன் வீட்டில் எதையாவது மாற்றினீர்களா ஐயா?' என்று கேட்டோம். வெள்ளையடித்தபோது இரும்பு பீரோவை நகர்த்தியிருந்தார்கள். ரவுட்டர் அதன் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது. வைஃபை அலைகள் இரும்புத் தகட்டை ஊடுருவுவதில்லை. பெட்டியை எடுத்துத் திறந்த அலமாரியின் மேல்தட்டில் வைத்தோம். அடுத்த ஞாயிறு பேரன் திரையில் வந்தான்.

இதில் மேதைமை எதுவும் இல்லை. பாதையைத் துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தோம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றினோம். இந்த முறையைச் சற்று நீட்டிக்கவும் செய்யலாம். கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காமல் அது தனக்குத் தானே ஒன்றைச் சூட்டிக்கொண்டது என்று பொருள். அப்போது வெளியுலகைக் குறை சொல்வதில் பயனில்லை. 1983இல் மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்ற சிறு நிரல், ஒலியனுப்பி எதிரொலிக்குக் காத்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பலைப்போல, மறுமுனை விழித்திருக்கிறதா என்று கேட்டுச் சொல்லும். ரவுட்டர் மறுமொழி தந்தால் வீட்டுக்குள் பாதை சரி. வெளியே உள்ள ஓர் எண் முகவரி மறுமொழி தந்தும் தளங்கள் பெயரால் திறக்கவில்லையெனில், பெயரை எண்ணாக மாற்றித்தரும் டி.என்.எஸ். சேவையைச் சந்தேகிக்கலாம். சமைக்கும் நேரத்தில் மட்டும் இணைப்பு தடுமாறினால் மைக்ரோவேவ் அடுப்பைப் பாருங்கள். அதுவும் பல வைஃபை பெட்டிகளும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை.

'அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதே, இவ்வளவு எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. பல வேளைகளில் சரியாகிவிடுகிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் காரணம் தெரியாமல் தீர்ந்த கோளாறு, சொல்லாமல் திரும்பி வரும். பெட்டியின் பின்புறமுள்ள ஊசித்துளையைக் குத்துவதோ இன்னும் மோசம். அது அணைத்துப் போடுவது அன்று, கடவுச்சொல் உட்பட அமைப்புகள் அனைத்தையும் துடைத்துவிடுவது.

'இது மெக்கானிக்கின் வேலை' என்ற மறுப்பும் வரும். பழுது நீக்குவது அவர் வேலையாகவே இருக்கட்டும். பழுது எங்கே என்று சொல்வது நம் வேலை. 'கேபிளில் வருகிறது, அருகில் வருகிறது, உள்ளறையில் மட்டும் வரவில்லை' என்று சொல்லத் தெரிந்தவரிடம் 'புதுப்பெட்டி வாங்குங்கள்' என்று எளிதில் சொல்லிவிட முடியாது. துல்லியமான சொல் அழகுக்கு மட்டுமன்று. எளியவருக்கு அது காப்பு.

சென்ற மாதம் ஆசிரியர் தொலைபேசினார். 'பெட்டியில் இணைய விளக்கு சிவப்பாக எரிகிறது. கேபிளிலும் வரவில்லை. குற்றம் வெளியேதான், ஆளை வரச் சொல்லிவிட்டேன். நீங்கள் வர வேண்டாம்' என்றார். அந்தக் கடைசி வாக்கியம் எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது.