தீமைக்குத் தனி அரசு இல்லை

கிறித்துவம் என்றாலே கடவுளும் சாத்தானும் சரிநிகராக மோதும் இருமைவாதம் என்று எழுதிவிடுவது நம் விமர்சகர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. அது கிறித்துவம் அன்று. 3ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தின் மானி தோற்றுவித்த மானிகேயம். அதில் 9 ஆண்டுகள் உழன்று வெளியேறியவர் புனித அகஸ்டின். தீமை தனிப்பொருள் அன்று, நன்மையின் குறைவே என்பது அவர் கண்ட முடிவு. யோபு நூலின் சாத்தானும் இறைவனின் அனுமதியின்றி யோபைத் தொட இயலாதவன்தானே?

16ஆம் வயதில் பசியின்றிப் பேரிக்காய் திருடியதை ‘கன்ஃபெஷன்ஸ்’ நூலில் அகஸ்டின் துருவித் துருவி ஆராய்கிறார். பழியைச் சாத்தான்மீது போடுவது எளிது. அவரோ தம் சித்தத்தையே கூண்டில் ஏற்றுகிறார். தீமையை அடுத்தவர் உடலில் குடியேற்றியவர்களே பிற்கால ஐரோப்பாவில் பெண்களைச் சூனியக்காரிகள் என்று எரித்தார்கள். அக்குற்றத்தைத் திருச்சபை மறுக்க இயலாது. ஆனால் அதைக் கண்டிக்கும் அளவுகோலும் இம்மரபுக்குள்ளேயே இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதுவது விமர்சனம் ஆகாது.