முதலில் வைத்தியம், பிறகுதான் வழக்கு!



கதிரடிக்கிற மெஷினில் கை போனால், டிராக்டர் கவிழ்ந்து கால் ஒடிந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் முதல் கேள்வி என்ன? "அட்வான்ஸ் கட்டியாச்சா?" சர்க்கார் ஆஸ்பத்திரி இலவசம்தான், ஆனா பக்கத்துல எலும்பு டாக்டர் இருக்கிறாரா? வீட்டிலுள்ள குண்டுமணித் தங்கமும் அடகுக் கடைக்குப் போகிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. டிராக்டர், மின்சார எந்திரம் வைத்துச் செய்யும் விவசாய வேலை 1923ம் வருடத்து நஷ்டஈட்டுச் சட்டப் பட்டியலிலேயே இருந்தது. வைத்தியச் செலவையும் வேலை கொடுத்தவர் தரவேண்டும் என்று 2009ல் திருத்தம் வந்தது. 2025 நவம்பரில் அமலான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அது உண்டு. ஆனால் எப்படி? நாம் செலவழித்துவிட்டு, பில்லைக் காட்டி வாங்கிக்கொள்ள வேண்டுமாம்! கையில் காசில்லாதவன் எதைச் செலவழிப்பான்?

ஆலைத் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. அட்டையைக் காட்டினால் வைத்தியம். வேலையில் அடிபட்டுப் படுத்தால் சம்பளத்தில் 90 சதம். நம்ம ரத்தம் மட்டும் என்ன தண்ணியா?

கூலிக்கு ஆள் வைப்பவரும் ரெண்டு ஏக்கர் விவசாயிதான். அவரையும் அடிபட்டவரையும் லேபர் ஆபீசில் மோதவிட்டு அரசு வேடிக்கை பார்க்கக்கூடாது. அமைப்புசாராத் தொழிலாளருக்கு இ.எஸ்.ஐ. திட்டம் போட 2020ம் வருடத் தொகுப்பே மத்திய அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. அந்த அட்டையை வயலில் உழைப்பவர் கையில் கொடு என்கிறோம்!

அதுவரை மருந்துச் சீட்டு, பில் ஒன்றையும் தொலைக்காதீர்கள். 2 வருடத்துக்குள் மனுப் போடுங்கள். அடிபட்ட அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள். ஒன்றாக நிற்போம்! வைத்திய உரிமையை வென்றெடுப்போம்!