ஜயவர்த்தனா: ஒரு மறுமதிப்பீடு

ஜே. ஆர். ஜயவர்த்தனா 1996ஆம் ஆண்டு மறைந்தார். எனினும் அவரைப் பற்றிய தீர்ப்புகள் இன்னும் இரண்டாகவே நிற்கின்றன. ஒரு சாரார் அவரை மேனாட்டுச் சார்புடைய தாராண்மைவாதி, பண்பாளர் என்பர். மறு சாரார் பிறவி இனவாதி என்பர். இவ்விரண்டும் அரைகுறைத் தீர்ப்புகளே என்பது என் துணிபு.

சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணையை 1944இல் அரசாங்க சபையில் கொணர்ந்த அவரே, தமிழையும் சேர்க்கும் திருத்தத்தை ஏற்றார். 1951இல் சான் பிரான்சிஸ்கோவில் தம்மபதத்தை எடுத்தாண்டு, தோல்வியுற்ற யப்பானுக்காகப் பரிந்து பேசினார். அவரே 1957இல், பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கண்டிக்கு நடைப்பயணம் புறப்பட்டார். பிறவிக் கொள்கை இப்படி மாறுவதில்லை. காற்றின் திசையறிந்து பாய்விரிக்கும் மனமே இங்குத் தென்படுகிறது.

அவருடைய பொருளாதாரச் சார்பில் மட்டும் தடுமாற்றம் இல்லை. 1977இல் இறக்குமதிக் கதவைத் திறந்தார். விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் மிளகாய் பயிரிட்டு நிமிர்ந்த கமக்காரன் அந்தச் சந்தையில் தாழ்ந்தான்.

தமிழருக்குக் குறைகள் உண்டென்பதை அவர் கட்சியின் 1977ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனமே ஒப்புக்கொண்டது. அத்தேர்தலில் 168 ஆசனங்களில் 140 அவர் கைக்கு வந்தன. பண்டாரநாயக்காவுக்கு எதிர்க்கட்சியின் நெருக்குதல் இருந்தது என்று சமாதானம் கூறலாம். இவருக்கு அறியாமையும் இல்லை, பலக்குறைவும் இல்லை. அப்பலம் எதற்குச் செலவாயிற்று? தம் கட்சி உறுப்பினரிடம் திகதியிடாத பதவி விலகற் கடிதங்களைப் பெறவும், 1982 டிசம்பரில் சர்வசன வாக்கெடுப்பால் பாராளுமன்றத்தின் ஆயுளை ஆறாண்டு நீட்டவுமே செலவாயிற்று. 1979இல் தற்காலிகமென வந்த பயங்கரவாதத் தடைச் சட்டமும் 1982இல் நிரந்தரமாயிற்று.

1977 கலவரத்தில் விரட்டப்பட்ட மலையகத் தமிழர் வன்னிக் காடுகளில் குடியேறினர். வவுனியாவிலிருந்து அவர்களுக்குத் துணைநின்றது காந்தீயம் இயக்கம். அதன் அமைப்புச் செயலாளர் மருத்துவர் இராசசுந்தரம், அரசின் காவலில் இருக்கையிலேயே 1983 யூலை 27இல் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். மறுநாள் ஜனாதிபதி நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். மாண்டவர்க்காக ஓர் அனுதாபச் சொல்லும் அதில் இல்லை.

நிதானம், மரியாதை, நாவன்மை ஆகியவை அவரிடம் இருந்தன, மறுப்பதற்கில்லை. 1987இல் இந்திய நெருக்குதலின் பின்னரேனும் தமிழை ஆட்சிமொழியாக்க இசைந்தார் என்பதும் உண்மை. ஆயின் நெருக்குதலால் வருவது இணக்கம். தானே வருவதுதான் நீதி. நீதி இன்னதென்று அறிந்திருந்தும், அதைச் செய்யும் பலம் பெற்றிருந்தும், செய்யாது விட்டவர் அவர். அறியாதவனின் தவற்றை வரலாறு மன்னிக்கலாம். அறிந்தவனிடம் அது கணக்குக் கேட்கும்.