பரோட்டாவுக்கு வரி இல்லையாமே... அப்புறம் பில்லில் 5 சதவீதம் எப்படி? சின்ன ஓட்டல்களில் திருப்பூர் தொழிலாளிகள் மல்லுக்கட்டு

திருப்பூர்: சனிக்கிழமை சம்பளம் கைக்கு வந்ததும் பனியன் தொழிலாளிகள் பலர் நேராகப் போவது ஓட்டலுக்குத்தான். தேனி, மதுரை, திருவாரூர் பக்கம் இருந்து வந்து லைன் வீட்டில் நாலைந்து பேராகத் தங்கி இருப்பவர்களுக்கு மற்ற நாளும் அதே கதைதான். காலையில் நாலு இட்லி, ராத்திரி ரெண்டு பரோட்டா, ஒரு ஆம்லெட். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வருகிறவனுக்கு அடுப்பு பற்ற வைக்க ஏது தெம்பு?

அந்தப் பரோட்டா பில்லில்தான் இப்போது தகராறு.

2025 செப்டம்பர் 22-ந்தேதி புது ஜி.எஸ்.டி. அமலுக்கு வந்தது. பரோட்டா, சப்பாத்திக்கு வரியே கிடையாது என்று ஊரெல்லாம் பேச்சு. ஆனால் ஓட்டலில் கல்லாவுக்கு வந்தால் 5 சதவீதம் போட்டு பில் நீட்டுகிறார்கள். "வரிதான் எடுத்தாச்சே" என்று கேட்டால் வாக்குவாதம்.

இதில் ரெண்டு பேர் மீதும் தப்பு சொல்ல முடியாது. வரி போனது கடையில் விற்கும் பாக்கெட் பரோட்டாவுக்கு. அதற்கு முன் அதில் 18 சதவீதம் இருந்தது. ஓட்டலில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் பார்சல் வாங்கினாலும் அது ஓட்டல் சேவை என்ற கணக்கில் வரும். 2017 ஜூலையில் ஏ.சி. இல்லாத ஓட்டலுக்கு 12, ஏ.சி. ஓட்டலுக்கு 18 என்று ஆரம்பித்த அந்த வரி, அதே வருஷம் நவம்பர் 15-ந்தேதி முதல் 5 சதவீதம் ஆனது. இன்றுவரை அதில் மாற்றம் இல்லை.

யார் வாங்கலாம்?

எல்லா ஓட்டலும் அந்த 5 சதவீதத்தை வாடிக்கையாளரிடம் வாங்க முடியுமா? முடியாது. விஷயமே இங்கேதான் இருக்கிறது.

வருஷத்துக்கு ரூ.20 லட்சத்துக்குள் வியாபாரம் நடக்கும் கடை ஜி.எஸ்.டி. பதிவே செய்யத் தேவையில்லை. நாள் கணக்கில் பார்த்தால் ரூ.5,400 சொச்சம். தள்ளுவண்டி, சந்துக்குள் இருக்கும் சின்ன மெஸ் எல்லாம் இதில் அடங்கும். பதிவு இல்லாதவர் வரி வசூலிக்கக் கூடாது என்று ஜி.எஸ்.டி. சட்டம் 32-வது பிரிவு சொல்கிறது.

அதற்கு மேலே ரூ.1½ கோடி வரை வியாபாரம் நடக்கும் ஓட்டல்காரர்கள் 'காம்போசிஷன்' என்ற சுலபத் திட்டத்தில் சேரலாம். அவர்களும் 5 சதவீதம் கட்டத்தான் வேண்டும். ஆனால் அது முதலாளி கையில் இருந்து போக வேண்டிய காசு. பில்லில் தனியாகப் போட்டு சாப்பிட்டவரிடம் கேட்கவே கூடாது. இந்தத் திட்டத்தில் இருப்பதாகக் கடையில் போர்டு வைக்க வேண்டும், பில்லிலும் அச்சடிக்க வேண்டும். அந்த போர்டு எத்தனை கடையில் கண்ணில் படுகிறது?

மிச்சம் இருப்பவர்கள்தான் வரியைத் தனியாக வாங்கலாம். அடையாளம் லேசு. பில்லில் 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33-ல் தொடங்கும். மத்திய வரி 2½, மாநில வரி 2½ என்று பிரித்துக் காட்டி இருக்க வேண்டும். துண்டுச் சீட்டில் பேனாவால் 'ஜி.எஸ்.டி.' என்று எழுதிக் கூட்டினால் உஷாராக வேண்டியதுதான்.

ஐந்து ரூபாய்தானே என்று விட்டுவிடுகிறார்கள். தினம் 150 ரூபாய்க்கு ஓட்டலில் சாப்பிடுகிறவருக்கு ஒரு நாளைக்கு ரூ.7.50, மாசம் ரூ.225. ரெண்டு நாள் டிபனையே முழுங்கிவிடும் காசு.

சிலிண்டர் தலைவலி

ஓட்டல்காரர்கள் பக்கமும் நியாயம் இருக்கு. 19 கிலோ வர்த்தக சிலிண்டருக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. வீட்டு சிலிண்டருக்கு 5 தான். மற்ற தொழிலில் இப்படிக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், 5 சதவீத ஓட்டலுக்கு அந்தச் சலுகை இல்லை. கட்டினது கட்டினதுதான். விலையும் பெரும்பாலும் மாசம் ஒண்ணாந்தேதி ஆட்டம் காட்டும். 2023 மார்ச் 1-ந்தேதி ஒரே அடியாக ரூ.350.50 ஏறி சென்னையில் ரூ.2,268-க்குப் போனது.

சிலிண்டர் ஏறினால் தோசை விலை ஏறுகிறது. இறங்கின மாசங்களில் தோசை இறங்கியதா என்றால், இல்லை. விலை ஏற்ற பயப்படும் கடைகளில் வேறு வேலை நடக்கிறது. பரோட்டா உள்ளங்கை அளவுக்குச் சுருங்குகிறது. முழு சாப்பாடு 'அளவு சாப்பாடு' ஆகிவிட்டது. ரெண்டாவது தடவை குழம்பு கேட்டால் சப்ளையர் முகம் மாறுகிறது.

தப்பாக வரி வாங்கினால் பில்லைக் கிழித்துப் போடாமல் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். ஆனால் அக்கவுண்ட் வைத்து சாப்பிடுகிறவர்கள் வாய் திறப்பதில்லை. வாரக் கடைசியில் சம்பளம் தள்ளிப்போனால் சோறு போடுவது அதே கடைதானே!