பட்டு வந்தது, ஆவி எங்கே போயிற்று?

செயற்கைப் பட்டு என்றால் நம்மில் அநேகருக்கு ஓர் இளக்காரம். "இது போலிப் பட்டுதானே!" என்று கடையில் புடவையைப் புரட்டிப் பார்த்துவிட்டுத் தள்ளிவிடுகிறார்கள். அசல் பட்டு ஏதோ மேலுலகத்திலிருந்து இறங்கி வந்த வஸ்து போலவும், மனிதன் ஆலையில் நூற்றது ஏமாற்று வேலை போலவும் ஓர் எண்ணம் வேரூன்றிக் கிடக்கிறது. இந்த எண்ணம் சரிதானா என்பதைப் பார்ப்போம். உண்மையில் செயற்கைப் பட்டைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று இருக்கிறது. அதையும் கேட்போம்.

முதலில் அசல் பட்டின் யோக்கியதை என்ன? மல்பெரி இலையைத் தின்று வளர்ந்த ஒரு புழு, தன் உடம்பில் ஊறிய பசையை வாய் வழியே நூலாக இழுத்துத் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொள்ளுகிறது. சுமார் 1000 மீட்டர் நீளத்துக்கு ஒரே இழை. புழு அந்துப்பூச்சியாகி வெளியே வந்தால் கூடு துளைபட்டு இழை அறுந்துபோகும். ஆதலால் அது வெளிவருமுன் ஆவியிலோ வெந்நீரிலோ போட்டுக் கொன்றுவிட்டு நூலை எடுக்கிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். ஜீவகாருண்யம் பேசுகிறவர்களும் இதைத்தான் "மடி" என்று உடுத்திக்கொள்ளுகிறார்கள்.

மேல் நாட்டாரும் இதில் இளைத்தவர்கள் அல்லர். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், எந்த அந்தஸ்துள்ளவன் எந்தப் பட்டு உடுத்தலாம், எவன் உடுத்தக் கூடாது என்று அரசாங்கமே சட்டம் போட்டு வைத்திருந்தது. அந்தச் சட்டங்கள் 1604இல் ஒழிந்தன. ஆனால் விலை ஒழியவில்லை. சட்டம் செய்துவந்த வேலையை அதன் பிறகு விலையே செய்துவந்தது. பட்டு என்பது துணியாக மட்டும் இருக்கவில்லை. இன்னார் உயர்ந்தவர், இன்னார் தாழ்ந்தவர் என்று தூரத்திலிருந்தே காட்டும் அடையாளச் சீட்டாகவும் இருந்தது.

இந்த நிலையில்தான் சிலர் ஒரு சாதாரணக் கேள்வியைக் கேட்டார்கள். புழு செய்வதை மனிதன் ஏன் செய்யக் கூடாது? 1665இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் என்பவர், பூதக்கண்ணாடியில் தாம் கண்டவற்றை எழுதிய புத்தகத்தில், புழுவின் பசையைப் போன்ற ஒரு பசையைச் செய்து நூலாக இழுக்க வழி காணலாம் என்று குறித்து வைத்தார். 1734இல் பிரான்சில் ரேமூர் என்பவர், பட்டு என்பது உலர்ந்த பசைதானே, பிசின்களைக் கொண்டு நாமே ஏன் நூல் இழுக்கக் கூடாது என்று கேட்டார். இன்றைய ஆராய்ச்சிப்படி அவர் நினைத்தது முழுவதும் சரியல்ல. புழுவின் பசை சும்மா காற்றில் உலர்ந்து நூலாகிவிடுவதில்லை. புழு தலையை எட்டுப் போல் ஆட்டி ஆட்டி இழுக்கிற அந்த இழுப்பில்தான் முக்கியமாக இறுகுகிறது. ஆனாலும் கேள்வி சரியான கேள்வியாக இருந்தபடியால், விடையில் பாதி தவறியும் வழி திறந்துவிட்டது.

பசைக்கு எங்கே போவது? பஞ்சிலும் மரத்திலும் செல்லுலோஸ் என்ற பொருள் ஏராளமாக இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையாது. கரைந்தால் மழையில் நனைந்தவனுக்கு வேட்டி மிஞ்சுமா? நெருப்பில் காட்டினாலோ கருகுமே ஒழிய உருகாது. ஆகவே அதை ரசாயன முறையில் மாற்றினால்தான் கரைக்க முடியும். 1846இல் சுவிட்சர்லாந்தில் ஷோன்பைன் என்பவர், பஞ்சை நைட்ரிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த கலவையில் நனைத்து வெடிப்பஞ்சு செய்ததை வெளியிட்டார். அந்த வகைப் பஞ்சில் காரம் சற்றுக் குறைந்தது, ஈதரும் ஆல்கஹாலும் சேர்ந்த கலவையில் கரைந்து பாகு போல் ஆயிற்று. மனிதன் தேடிய பசை கிடைத்துவிட்டது.

இனி நூற்கும் முறை. இதைப் புரிந்துகொள்ள ரசாயனப் பட்டம் வேண்டியதில்லை. நம் வீட்டு அடுப்பங்கரை போதும். முறுக்கு பிழிகிறவர்கள் மாவை உரலில் வைத்து அழுத்தி, கொதிக்கும் எண்ணெயில் விழச் செய்கிறார்கள். விழுந்த இடத்திலேயே அது இறுகுகிறது. கூழ் வடாம் பிழிகிறவர்களோ, அதே போன்ற உரலில் கூழை வைத்துத் துணியின் மேல் பிழிந்து வெயிலில் விட்டுவிடுகிறார்கள். நீர் ஆவியாகப் போகிறது, வடாம் நிற்கிறது. செயற்கைப் பட்டிலும் இந்த இரண்டு வழிகள்தாம். நுண்ணிய துளைகள் வழியே பசையைத் தள்ளி ஒரு ரசாயன நீரில் இறுகச் செய்வது ஈர நூற்பு. துளையிலிருந்து வரும் இழையைக் காற்றில் இறக்கி, கரைத்த திரவத்தை ஆவியாக ஓட்டிவிடுவது உலர் நூற்பு.

இங்கிலாந்தில் ஜோசப் ஸ்வான், மின்சார விளக்குக்கு இழை தேடிய வழியில் ஈர நூற்பு முறையில் நூல் எடுத்தார். அதைக் கொண்டு பின்னிய துணிகளை 1885இல் லண்டன் கண்காட்சியில் வைத்தார். பிரான்சில் சார்தொன்னே என்பவர் 1884இல் தம் முறைக்குப் பேட்டண்ட் பெற்று, 1889இல் பாரிஸ் கண்காட்சியில் தம் பட்டைக் காட்டினார். பிறகு தம் சொந்த ஊராகிய பெசான்சோனில் ஆலை வைத்தார். தொடக்கத்தில் இழையைத் தண்ணீரில் இறக்கிப் பார்த்தவர், பிற்பாடு காற்றிலேயே உலரவிடும் முறைக்கு வந்தார். ஈதரும் ஆல்கஹாலும் பறந்துபோக, பளபளக்கும் நூல் உருளையில் சுற்றிக்கொண்டது.

ஆனால் அது வெடிப்பஞ்சின் தம்பி என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு பொறி பட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். ஆகவே நூற்ற பிறகு அதிலுள்ள நைட்ரேட்டைக் கந்தகம் சேர்ந்த உப்பு நீரால் நீக்கி, மறுபடியும் வெறும் செல்லுலோஸாக்க வேண்டியிருந்தது. உடுத்துகிறவருக்கு ஆபத்து இப்படித் தீர்ந்தது. நூற்கிறவருக்கோ ஈதர் ஆவியும் தீ அபாயமும் இருந்துகொண்டேயிருந்தன. செலவும் அதிகம். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு இந்த முறையே மறைந்துபோயிற்று.

உலர் நூற்புக்கு நிலையான வாழ்வு கொடுத்தது செல்லுலோஸ் அசிட்டேட் என்ற பொருள். இதை 1865இலேயே பிரான்சில் ஷூட்சன்பெர்ஜே என்பவர் செய்து காட்டினார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஜார்ஜ் மைல்ஸ் இதைச் சற்று மாற்றி, அசிட்டோன் என்ற மலிவான திரவத்தில் கரையும்படி செய்தார். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த காமிய், ஹென்றி என்ற ட்ரைபஸ் சகோதரர்கள் இதைப் பெருந்தொழிலாக்கினார்கள். முதல் உலக யுத்தத்தில் ஆகாய விமானங்களின் இறக்கைகள் துணியால் ஆனவை. அந்தத் துணியை விறைப்பாக்கப் பூசும் மெழுக்குக்கு இந்த அசிட்டேட் தேவைப்பட்டது. இங்கிலாந்தில் டார்பி நகருக்கு அருகே ஸ்பாண்டனில் இதற்காக ஆலை எழுந்தது. யுத்தம் நின்றது, மெழுக்கு வாங்க ஆளில்லை. அதே பொருளை நூலாக்கி 1921இல் செலனீஸ் பட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நூலில் அக்காலத்துச் சாயங்கள் ஒட்டவில்லை. அதற்கென்றே புதுச் சாய வகை ஒன்றை 1920களில் கண்டுபிடித்தார்கள். ஸ்பாண்டனில் அசிட்டேட் உற்பத்தி 2012 வரை நடந்தது.

அந்த நூற்பு எப்படி? அசிட்டேட் சுமார் கால் பங்கு, மீதி பெரும்பாலும் அசிட்டோன். இந்தப் பாகைப் பலமுறை வடிகட்டி, காற்றுக் குமிழியைப் போக்கி, ஒரு மில்லிமீட்டரை 20 கூறாக்கினால் ஒரு கூறு இருக்குமே, ஏறக்குறைய அவ்வளவு சிறிய துளைகளின் வழியே தள்ளுகிறார்கள். துளைக்குக் கீழே சில மீட்டர் உயரமுள்ள குழாய். அதற்குள் சூடான காற்று. அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம். இழை அடிவந்து சேர்வதற்குள் பெரும்பாலும் பறந்துவிடுகிறது. நிமிஷத்துக்குப் பல நூறு மீட்டர் நூல் சுற்றப்படுகிறது. எந்தப் புழுவுக்கும் இந்த வேகம் வராது.

இனி நாம் கேட்க வேண்டிய கேள்விக்கு வருவோம். நூல் உருளைக்குப் போயிற்று. ஆவி எங்கே போயிற்று?

ஒரு கிலோ நூலுக்குச் சுமார் 3 கிலோ அசிட்டோன் பறக்கிறது. அதைச் சும்மா விட்டால் தீப்பிடிக்கும்; நூற்கிறவருக்குத் தலை சுற்றும்; எல்லாவற்றுக்கும் மேலாக முதலாளிக்கு நஷ்டம். ஆகவே குழாயிலிருந்து வரும் காற்றைக் கரியின் மேல் செலுத்தி, கரி பிடித்துக்கொண்ட அசிட்டோனை மறுபடி பிரித்தெடுத்து, மறுபடி கரைக்கப் பயன்படுத்தினார்கள். இது பாராட்ட வேண்டிய ஏற்பாடுதான். ஆனால் ஆவியைப் பிடித்தது தொழிலாளியின் மூச்சை நினைத்தா, கணக்குப் புத்தகத்தை நினைத்தா என்று யோசித்துப் பாருங்கள்.

இதே அசிட்டேட்டின் முந்தைய சரித்திரமே விடை சொல்லுகிறது. யுத்த காலத்து விமான மெழுக்கில் அசிட்டேட்டைக் கரைக்க டெட்ராகுளோரோஈத்தேன் என்ற திரவத்தையும் சேர்த்தார்கள். 1914 முதல் அதைப் பூசும் வேலை செய்தவர்கள், பெண்கள் உள்பட, ஈரல் கெட்டுக் காமாலையில் விழுந்தார்கள். சிலர் செத்தும் போனார்கள். பொருள் அதே அசிட்டேட்தான். கரைத்த திரவம்தான் எமனாயிற்று. அந்தத் திரவம் இல்லாமலே மெழுக்குச் செய்ய முடியும் என்பது பிறகு செய்தே காட்டப்பட்டது. முடியும் என்றால் செத்தவர்கள் எதற்காகச் செத்தார்கள்?

அடுத்த வீடாகிய ஈர நூற்பைப் பாருங்கள். உலகத்தில் அதிகமாகப் பரவிய செயற்கைப் பட்டு விஸ்கோஸ். 1892இல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதில் செல்லுலோஸைக் கரைய வைக்கக் கார்பன் டைசல்பைடு வேண்டும். அதன் ஆவி நரம்பையும் மூளையையும் இருதயத்தையும் கெடுக்கும். புத்தி பேதலித்தவர்கள் உண்டு. கை கால் விழுந்தவர்கள் உண்டு. 1930களின் இறுதியில் அமெரிக்காவில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற அம்மையார், பென்சில்வேனியா ஆலைத் தொழிலாளர்களைப் பரிசோதிக்கச் செய்து இந்தத் தீமையை அம்பலப்படுத்தினார். அத்துடன் தீர்ந்ததா? தென்கொரியாவின் வொன்ஜின் ரேயான் ஆலை, ஜப்பானில் ஓடிப் பழசான இயந்திரங்களை 1960களில் வாங்கி ஓட்டியது. நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் விஷத்துக்கு இரையாயினர். 1993இல் ஆலை மூடப்பட்டது. இயந்திரங்களோ சீனாவுக்கு விற்கப்பட்டன. ஒரு நாட்டில் கேள்வி கேட்கத் தொடங்கினால், கேள்வி கேட்காத நாட்டுக்கு இயந்திரம் கப்பலேறுகிறது என்பதற்கு இதைவிட ருசு வேண்டுமா?

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இன்றைக்கு உலகில் செய்யப்படும் செல்லுலோஸ் அசிட்டேட் இழையில் பெரும்பங்கு புடவைக்கோ சட்டைக்கோ போவதில்லை. சிகரெட்டின் வாய்ப்பக்கத்து வடிகட்டிக்குப் போகிறது. ஏழைக்குப் பட்டு கொடுக்க வந்த வித்தை, புகைக்கிறவனுக்கு "இது பத்திரமான சிகரெட்" என்ற பொய்த் தைரியம் கொடுக்கிற வேலைக்கு வந்து நிற்கிறது. வடிகட்டி வைத்ததால் சிகரெட் புற்றுநோயை விட்டுவிடவில்லை. போலி என்று ஏதாவது ஒன்றைச் சொல்லவேண்டுமானால் இந்தத் தைரியத்தைச் சொல்லுங்கள்.

இப்படியெல்லாம் எழுதுவதால், விஞ்ஞானமே வேண்டாம், புழுவுக்கே திரும்பிப் போவோம் என்று நாம் சொல்லுவதாக யாரும் கருதிவிட வேண்டாம். ஆவியைப் பிடிக்கும் கரியும் விஞ்ஞானம்தான். காற்றிலுள்ள விஷத்தை அளக்கும் கருவியும் விஞ்ஞானம்தான். காமாலைக்குக் காரணம் விதியல்ல, திரவம்தான் என்று கண்டதும் அதுவேதான். குறை என்னவென்றால், "எப்படிச் செய்வது?" என்ற கேள்விக்குப் பணம் கொடுக்க ஆள் இருந்தது, "செய்கிறவன் கதி என்ன?" என்ற கேள்விக்குப் பணம் கொடுக்க ஆள் இல்லை.

ஆகவே தோழர்களே, செயற்கைப் பட்டைப் போலி என்று ஏசுவதை விட்டுவிடுங்கள். அரசன் சட்டம் போட்டு மறுத்த பளபளப்பை ஆலைக்காரப் பெண்ணும் உடுத்தும்படி செய்தது அது. அந்த மட்டில் அது நல்ல பட்டே. ஆனால் எந்த ஆலையானாலும், எதில் கரைக்கிறாய், அந்த ஆவியில் எவ்வளவு பிடிக்கிறாய், பிடிபடாதது எவர் மூச்சில் போகிறது, தொழிலாளி நோயில் விழுந்தால் செலவு யாருடையது என்று கேளுங்கள். ஆலை நடத்துகிறவன் கேட்க மாட்டான். உள்ளே வேலை செய்கிறவன் கேட்டால் வேலை போகும். வெளியே இருக்கும் நாம்தான் கேட்கவேண்டும்.