காகிதத்தை மூடு! காதைத் திற!

'டூயட்' என்ற படம் 1994ல் வந்தது. அதில் கதாநாயகன் ஒரு கருவியை ஊதுவான். வளைந்த கழுத்து, பளபளக்கும் பித்தளை உடல். அதன் ஓசை மனதை உருக்கும். அதுதான் சாக்ஸபோன். படத்துக்காக அதை உண்மையில் ஊதியவர் கத்ரி கோபால்நாத்.

இந்தக் கருவியைச் செய்தவர் அடால்ப் சாக்ஸ். பெல்ஜியம் நாட்டில் பிறந்தவர். 1846ல் பாரிசில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். ஆனால், கருவிக்குப் பெரும் புகழ் தேடித் தந்தது அமெரிக்காவின் 'ஜாஸ்' இசை. அங்குள்ள கறுப்பின மக்கள் வளர்த்த இசை அது.

ஜாஸ் இசையில் ஒரு வழக்கம் உண்டு. முதலில் எல்லோரும் சேர்ந்து பாட்டை வாசிப்பார்கள். பிறகு ஒருவர் மட்டும் முன்னே வருவார். அந்தப் பாட்டின்மேல் தம் கற்பனையை ஓட விடுவார். நம் கச்சேரிகளில் கற்பனை ஸ்வரம் பாடுகிறார்கள் அல்லவா? ஏறக்குறைய அது போல! இதற்கு 'சோலோ' என்று பெயர். தனி வாசிப்பு.

சாக்ஸபோனில் ஊதிய தனி வாசிப்பைக் கிதாரில் வாசிக்க ஆசைப்படுகிறவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அதை எப்படிக் கற்பது? யாரோ காகிதத்தில் எழுதி வைத்ததைப் பார்த்துக் கற்பதா? அல்லது, இசைத்தட்டைக் கேட்டுக் கேட்டுக் கற்பதா?

காதால்தான் கற்க வேண்டும். காகிதம் பிறகு வரட்டும். இதுதான் என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

பறந்தது தட்டு!

அமெரிக்காவில் கன்சாஸ் சிட்டி என்று ஒரு நகரம். ஆண்டு 1936. ஒரு கிளப்பில் பெரிய வித்துவான்கள் வாசித்துக் கொண்டிருந்தார்கள். பள்ளிப் பருவத்துப் பையன் ஒருவன் சாக்ஸபோனுடன் மேடை ஏறினான். ஊதினான். நடுவில் பாட்டின் போக்கைத் தவறவிட்டான். எங்கே இருக்கிறோம் என்றே தெரியவில்லை!

டிரம் வாசித்த ஜோ ஜோன்ஸ், தம் தாளத் தட்டைக் கழற்றித் தரையில் வீசினார். 'டணார்' என்று சத்தம்! கூட்டம் சிரித்தது. பையன் தலைகுனிந்து வெளியேறினான். இப்படித்தான் அந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

அவன் அழுதுகொண்டு உட்காரவில்லை. அடுத்த ஆண்டு கோடையில் ஓசார்க் மலைப் பக்கம் வாசிக்கப் போனான். கையோடு சில இசைத்தட்டுகளையும் கொண்டு போனான். அவற்றில் சாக்ஸபோன் ஊதியவர் லெஸ்டர் யங். அந்தத் தனி வாசிப்புகளைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தான். திரும்பி வந்தபோது ஊரே வியந்தது. ஆள் அவன்தான், வாசிப்பு வேறு!

அந்தப் பையன்தான் சார்லி பார்க்கர். 1955ல், 34 வயதில் இறந்து போனார். அதற்குள் ஜாஸ் இசையின் போக்கையே மாற்றிவிட்டார்.

கிதாரும் பேசியது

கிதாரின் கதை என்ன? அந்தக் காலத்து ஜாஸ் குழுக்களில் கிதார் பெரும்பாலும் தாளத்துக்குத் துணை. எக்காளமும் சாக்ஸபோனும் முழங்கும்போது கிதாரின் சத்தம் எங்கே கேட்கும்?

மின்சாரக் கிதார் வந்தது. சார்லி கிறிஸ்டியன் என்ற இளைஞர் அதைக் கையில் எடுத்தார். அவரையும் கவர்ந்தவர் லெஸ்டர் யங்தான்! சாக்ஸபோன் ஊதுவது போலவே நீண்ட வரிகளைக் கிதாரில் வாசித்தார். 1939ல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். நாடெங்கும் பேர் பரவியது. ஆனால், 1942ல் காசநோய் அவரைக் கொண்டு போயிற்று. வயது 25தான்.

வெஸ் மாண்ட்கோமரி என்பவர் கிறிஸ்டியனின் இசைத்தட்டைக் கேட்டார். வெஸ்ஸுக்கு இசைக் குறிப்புப் படிக்கத் தெரியாது. கிறிஸ்டியனின் தனி வாசிப்புகளை ஒவ்வொன்றாகக் காதால் கற்றார். பின்னாளில் பகலில் தொழிற்சாலை வேலை. இரவில் கிளப்பில் வாசிப்பு. குடும்பம் பெரிது. இரவில் சத்தம் கூடாது என்று கட்டைவிரலால் மெல்ல மீட்டிப் பழகினார். அந்தக் கட்டைவிரலே பிறகு அவருக்கு அடையாளம் ஆயிற்று!

லெஸ்டர் யங்கிடமிருந்து கிறிஸ்டியன். கிறிஸ்டியனிடமிருந்து வெஸ். சாக்ஸபோனின் மூச்சு, கிதாருக்குக் கிதார் கைமாறியது. வழி எது? காதுதான்!

கிதாருக்கு மூச்சு இல்லை

சாக்ஸபோன் ஊதுகிறவர் மூச்சு விட்டாக வேண்டும். ஆகவே அவர் வாசிப்பில் நிறுத்தம் இருக்கும். நாம் பேசும்போது நிறுத்துகிறோமே, அப்படி. கிதார்காரருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விரல் ஓயும் வரை ஓட்டிக்கொண்டே போகலாம். கேட்கிறவருக்குத்தான் மூச்சு முட்டும்!

இன்னொன்று. சாக்ஸபோனில் ஒரு ஸ்வரத்தை மெல்லத் தொடங்கிப் பெரிதாக்கலாம். கிதாரில் கம்பியை மீட்டினால் உடனே ஓசை தேயத் தொடங்கும். சாக்ஸபோனில் பல ஸ்வரங்கள் ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு வரும். கிதாரில் ஒவ்வொன்றையும் தட்டித் தட்டி மீட்டினால் டைப் அடிப்பது போலிருக்கும். ஒரு முறை மீட்டிவிட்டு, அடுத்த ஸ்வரங்களை இடது கை விரலால் அழுத்தியும் விடுத்தும் இழுத்தும் எழுப்ப வேண்டும்.

எந்த இடத்தில் மீட்ட வேண்டும், எந்த இடத்தில் வழுக்க வேண்டும்? இது காதுக்குத்தான் தெரியும். நம் வயலின் வித்துவான்களைப் பாருங்கள். வயலினும் மேல்நாட்டிலிருந்து வந்த கருவிதான். ஆனால், பாடகரின் குரலை அப்படியே வில்லில் கொண்டு வருகிறார்கள். எல்லாம் கேள்வி ஞானம்!

காகிதம் சொல்லாதது

காகிதம் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பார்க்கரின் 60 தனி வாசிப்புகளை எழுதி 1978ல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். நல்ல புத்தகம். வேலைக்குப் போய்விட்டு வந்து ஒரு மணி நேரம் மட்டும் பழகுகிறவர்களுக்கு அது உதவிதான்.

ஆனால் கவனியுங்கள். பார்க்கர் ஊதியது பெரும்பாலும் 'ஆல்ட்டோ' வகை சாக்ஸபோன். ஆல்ட்டோவுக்கு எழுதிய தாளில் 'சி' என்று இருந்தால், ஊதும்போது கேட்பது 'ஈ பிளாட்'. அதைக் கிதார்காரர் அப்படியே வாசித்தால் சுருதி வேறாகிவிடும்!

கிதாரில் ஒரே ஸ்வரம் பல இடங்களில் கிடைக்கும். முதல் கம்பியை அழுத்தாமல் மீட்டினால் வரும் ஸ்வரம், இரண்டாம் கம்பியில் 5ஆம் கட்டத்திலும், மூன்றாம் கம்பியில் 9ஆம் கட்டத்திலும், நான்காம் கம்பியில் 14ஆம் கட்டத்திலும் உண்டு. எதை எடுப்பது? தாள் வைத்திருப்பவர் பிறர் சொன்ன இடத்தில் விரல் வைக்கிறார். காதால் கற்றவர் தாமே தேடி எடுக்கிறார். தேடியது மறக்காது.

இது திருட்டா?

"பிறர் வாசித்ததை அப்படியே வாசிப்பது திருட்டு அல்லவா?" என்று சிலர் கேட்பார்கள். இல்லை. குழந்தை தாயைப் பார்த்துத்தான் பேசக் கற்கிறது. அது திருட்டா? ஆனால், தாய் சொன்ன சொற்களையே கடைசிவரை சொல்லிக் கொண்டிருந்தால் அது பேச்சு ஆகாது. பார்க்கர் லெஸ்டர் யங்கைக் கற்றார். பிறகு பார்க்கர் ஆனார். கற்பது குற்றம் இல்லை. அதோடு நின்றுவிடுவதுதான் குற்றம்.

எப்படித் தொடங்குவது?

பார்க்கரின் வேகத்தில் போய் முதலிலேயே மோதிக்கொள்ள வேண்டாம். 1936ல் லெஸ்டர் யங் ஊதிய 'லேடி பி குட்' இருக்கிறது. 1956ல் சானி ராலின்ஸ் ஊதிய 'செயின்ட் தாமஸ்' இருக்கிறது. ஒன்றை எடுங்கள். ஒரு வாரம் கேளுங்கள். கிதாரைத் தொடாதீர்கள்.

அடுத்து, ஒரு வரியை வாயால் பாடுங்கள். குரல் நன்றாக இல்லையா? கவலை வேண்டாம். பாட வந்தால்தான் விரலில் வரும்.

பிறகு கிதாரில் தேடுங்கள். வேகம் அதிகமாக இருக்கிறதா? முன்பு நிமிடத்துக்கு 33 சுற்று ஓடும் தட்டை 16 சுற்றில் ஓடவிட்டுக் கேட்டார்கள். வேகம் பாதியாகும், சுருதியும் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும். இன்று கைபேசியிலேயே சுருதி மாறாமல் வேகத்தைக் குறைக்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்துங்கள்.

வாசிக்கும்போது நீங்களும் மூச்சை இழுத்து விடுங்கள். மூச்சு தீரும் இடத்தில் கையும் நிற்கட்டும். ஒரு நாளைக்கு நாலு ஸ்வரம் வந்தாலும் போதும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பிள்ளை ஒரே வரியை ஐம்பது தடவை வாசிக்கிறானா? "வேறு எதுவும் தெரியாதா?" என்று அதட்டாதீர்கள். அவன் விரல் மட்டும் பழகவில்லை. காதும் பழகுகிறது.

தாளைப் பார்த்து வாசிப்பவனுக்குத் தாள் பறந்தால் பாட்டு நின்றுவிடும். காதில் ஏறியது எந்தக் காற்றுக்கும் பறக்காது. அப்படிப்பட்டவன் மேடை ஏறட்டும். யார் தட்டை வீசுகிறார்கள், பார்ப்போம்!